டி-க்கும் எஃப்-க்கும் நடுவில்

சங்கத்துக் கணக்கை எல்லோரும் பார்க்கட்டும் என்று
முந்தாநாள் ராத்திரி பொதுப் பக்கத்தில் ஏற்றினேன்.
களிமண்குண்டில் பாசி எடுக்கும் நாற்பத்து மூன்று பேர்.
பச்சை எடை, காய்ந்த எடை, விலை,
தொகை, முன்பணப் பாக்கி.
மேல் வரிசையை உறைய வைத்தேன்.
எத்தனை கீழே இறங்கினாலும்
தலைப்பு தலைக்கு மேலேயே நிற்கும்,
முங்கினவளுக்கு மேலே வல்லம் நிற்பது போல.

திருத்துகிற உரிமை எனக்கும்
கம்பெனி ஏஜெண்ட் சந்திரபோஸுக்கும்.
மற்றவர்கள் பார்க்க மட்டும்.
யார் திறந்தாலும் மூலையில்
'விருந்தாளி' என்று காட்டியது.
சொந்தக் கடனைப் பார்க்க வந்த
விருந்தாளிகள்.

காலம் என்றுதான் நாங்கள் சொல்வது.
பத்தி என்றால் சாமிக்குக் கொளுத்துவது.
கடைசிக் காலம் ஒடுங்கலாகப் போய்விட்டது,
நாலு இலக்கம்தான் கொண்டது.
அதற்கு மேல் பாக்கி உள்ளவர்கள் கட்டத்தில்
##### என்று விழுந்திருந்தது.

"என்ன மதினி, என் பேருக்கு நேரே
வலை விரிச்சு வச்சிருக்க?"
நம்புநாயகி கேட்டாள்.
எண் பெருசு, இடம் சிறுசு, வேறொன்றுமில்லை,
காலத்தை அகலமாக்கினால் தெரியும் என்றேன்.
"வேண்டாம். ஊரு பாக்குது.
வலையே கிடக்கட்டும்."

காலையில் கரைக்குப் போனேன்.
விரல்களில் துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள்.
சேதுராக்கு காலில் தகரத் தட்டைக் கட்டியபடி,
நிமிராமல், சொன்னாள்:
"ஒரு காலத்தைக் காணோம்.
டி-க்கு அப்புறம் எஃப் வருது.
ஈ எங்க?"

ஆறாவது வரை படித்தவள்.
ஒரு மூச்சுக்கு எத்தனை பிடி என்று
தண்ணீருக்கடியில் எண்ணிப் பழகியவள்.
"அம்பது கிலோ. அறுபது ரூவா.
மூவாயிரம் வரணும்ல?
ரெண்டாயிரத்து நானூத்தி அறுபது போட்டிருக்க."

எனக்கு அலை சத்தம் மட்டும் கேட்டது.

மறைத்தது நான்தான்.
சந்திரபோஸ் சொன்னார், நான் சொடுக்கினேன்,
டி-யும் எஃப்-ம் ஒட்டிக்கொண்டன.
தழும்பு மாதிரி நடுவில் ஒரு இரட்டைக் கோடு,
தேடினால்தான் தெரியும்.
ஆனால் மறைத்த காலம் அழிந்த காலம் இல்லை.
உள்ளே இருந்துகொண்டு
கழித்துக்கொண்டே இருக்கும்.

ஈரக்கழிவு, நூற்றுக்குப் பதினெட்டு.
ஆனிக் காற்றில் மூன்று நாள் கிடந்து
கையில் நொறுங்குகிற பாசிக்கும்
பதினெட்டு.

அவர்கள் கடலுக்குள் இறங்கிய பிறகு
சங்க அறையில் தனியாக உட்கார்ந்து
அந்தக் கோட்டின் மேல் வலது சொடுக்கு வைத்தேன்.
எஃப் நகர்ந்து இடம் விட்டது.
ஈ வந்து நின்றது,
நாற்பத்து மூன்று பதினெட்டுகளோடு.

பத்து நிமிஷத்தில் மூடிக்கொண்டது.
திரும்பத் திறந்தேன்.
மூடியது.
திறந்தேன்.
போன் அடித்தது. சந்திரபோஸ்.
மேசையில் கவிழ்த்து வைத்தேன்,
அதிர்ந்து அதிர்ந்து
ரசீதுப் புத்தகம் வரை நகர்ந்தது.

மதியம் தண்ணீர் சொட்டச் சொட்ட
ஏறி வந்தார்கள்.
உப்பு விரலுக்குத் திரை அசையவில்லை,
முந்தானையில் துடைத்துத் துடைத்துத் தொட்டார்கள்.
ஒரு விருந்தாளி. மூன்று. பதினொன்று.
அவர் பெயர் ஒட்டிய பச்சைக் கட்டம்
ஈ-யின் உச்சியில் நின்றது,
அதற்கு மேல் அசையவில்லை.
இத்தனை பேர் பார்க்கையில்
எப்படி மூடுவது.

நம்புநாயகி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு,
சேலையைப் பிழிந்தபடி,
"அந்த வலையையும் அகலமாக்கு மதினி" என்றாள்.
இழுத்தேன்.
பதினான்காயிரத்து இருநூற்று அறுபது.

கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"இது ஈ-யோடயா,
ஈ இல்லாமலா?"